ஒட்டுப்போர்வைக்கு 24 கட்டம், கையில் மூன்று வாரம்: சீக்கிரம் தைக்க வழி உண்டா?

#1 ஊசிமுனை | கோவை | திங்கள், இரவு 9.40

வணக்கம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன்.

மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். பீரோவில் ஒரு மூட்டை பிளவுஸ் பிட் இருக்கிறது. முப்பது வருடமாகக் கல்யாணம், வளைகாப்பு, கொலு என்று தாம்பூலப் பையில் வந்தவை. ஒன்றைக்கூடத் தைத்துப் போட்டதில்லை. இவற்றை வெட்டி ஒரு ஒட்டுப்போர்வை தைக்கலாம் என்று ஆரம்பித்தேன். அளவு 36க்கு 48 இன்ச். ஆறு இன்ச் கட்டமாகப் போட்டால் மொத்தம் 48 கட்டம். அதில் 24 வெறும் வெள்ளைக் காடா. மீதி 24 ஒன்பது துண்டுக் கட்டம், அதாவது மூன்றுக்கு மூன்று, சதுரங்கப் பலகை மாதிரி.

கணக்கு போட்டால் 216 சின்னச் சதுரம் வருகிறது. அட்டை வைத்து வரைந்து, கத்திரியால் வெட்டி, இரண்டு சாயங்காலத்தில் 27 சதுரம் முடித்து, மூன்று கட்டம் தைத்தேன். மூன்றும் மூன்று அளவு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் பூரி மாதிரி இருக்கிறது. இந்த வேகத்தில் போனால் பேரக்குழந்தை பள்ளிக்கூடம் போகும்போதுதான் கொடுக்க முடியும். என்னிடம் இருப்பது பழைய கால் மெஷின், மோட்டார் போட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

#2 அவசரக்குடுக்கை | திருப்பூர் | திங்கள், இரவு 9.52

அக்கா, எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். நாலு கிலோ அனுப்பட்டுமா? பெரிய பெரிய துண்டாக இருக்கும், வேலை சீக்கிரம் முடியும்.

#3 துணிமூட்டை | சென்னை | திங்கள், இரவு 10.30

தம்பி, பனியன் துணி இழுத்த பக்கம் வரும். பிளவுஸ் பிட்டோடு சேர்த்துத் தைத்தால் ஒரு சலவைக்குள் போர்வை அலை அலையாக நிற்கும். அக்காவை இன்னும் சிக்கலில் மாட்டிவிடாதே.

அக்கா, நீங்கள் மெதுவாகத் தைப்பதாக நினைக்கிறீர்கள். அப்படி இல்லை, செய்யும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. சதுரமாக வெட்டிவிட்டுத் தைக்கிறீர்கள். முதலில் தையுங்கள், அப்புறம் வெட்டுங்கள்.

எப்படி என்றால், சதுரமே வெட்ட வேண்டாம். இரண்டரை இன்ச் அகலத்தில் நீளப் பட்டைகள் வெட்டுங்கள். அடர் நிறம் ஒன்று, வெளிர் நிறம் ஒன்று என்று இரண்டு பிட் எடுத்துக்கொள்ளுங்கள். அடர், வெளிர், அடர் என்று மூன்று பட்டையை ஓரத்தில் கால் இன்ச் தையலுக்கு விட்டு நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் ஆறரை இன்ச் அகலத்தில் கோடு போட்ட துணி கிடைக்கும். அதைக் குறுக்காக, பட்டைக்கு எதிர்ப்பக்கமாக, இரண்டரை இன்ச் விட்டு விட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டும் மூன்று சதுரம் ஏற்கெனவே தைத்துக் கோர்த்த ஒரு வரிசை. இன்னொரு தொகுதி வெளிர், அடர், வெளிர். அதையும் அப்படியே வெட்டுங்கள். முதல் வகையில் இரண்டு வரிசை, நடுவில் இரண்டாவது வகை ஒரு வரிசை. கட்டம் தயார்.

உங்கள் பிட் 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இன்ச் இருக்கும். ஒரு தொகுதியில் 12 வரிசை வரும். அ-வெ-அ (அடர், வெளிர், அடர்) தொகுதி நான்கு தைத்தால் 48 வரிசை. வெ-அ-வெ இரண்டு தைத்தால் 24. சரியாக 24 கட்டம். அடர் நிறத்தில் 10 பட்டை, வெளிரில் 8 பட்டை போதும். இரண்டே பிட்டில் முடிந்துவிடும்.

இப்போது தையலை எண்ணுங்கள். சதுரம் சதுரமாகச் சேர்த்தால் ஒரு கட்டத்துக்கு 8 தையல், 24க்கு 192. என் கணக்கில் நீளத் தையல் 12, குட்டைத் தையல் 48, மொத்தம் 60. வெட்டுவதும் 216க்குப் பதில் 18 பட்டை, 72 குறுக்குவெட்டு, அவ்வளவுதான்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. புளோரிடாவில் செமினோல் பழங்குடிப் பெண்கள் போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கையால் சுற்றும் மெஷினை வைத்துக்கொண்டு பட்டை தைத்து, குறுக்கே வெட்டி, நகர்த்தி மறுபடி தைத்து அவ்வளவு பொடி வேலைப்பாடுகளைச் சட்டையிலும் பாவாடையிலும் கொண்டுவந்தார்கள். ஒரு அங்குலம்கூட இல்லாத துண்டைத் தனியாக வெட்டித் தைத்தால் விரல்தான் போகும்.

#4 ஊசிமுனை | திங்கள், இரவு 11.05

அட! இரண்டு முறை படித்த பிறகுதான் விளங்கியது. ஆனால் இரண்டே பிட் என்றால் மீதி மூட்டையை என்ன செய்வது? எனக்குப் பல நிறமாக வேண்டும்.

#5 துணிமூட்டை | திங்கள், இரவு 11.12

பிட்டைப் பாதியாக, 40 செ.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரு நிற ஜோடிக்கு அ-வெ-அ இரண்டு தொகுதி, வெ-அ-வெ ஒரு தொகுதி. ஒவ்வொன்றிலும் 6 வரிசை வரும். ஜோடிக்கு 6 கட்டம், நான்கு ஜோடிக்கு 24. தையல் 72 ஆகும், அப்போதும் 192க்கு எவ்வளவோ தேவலை.

#6 கத்திரி65 | மதுரை | செவ்வாய், காலை 6.15

நாற்பது வருடம் டெய்லர் கடை வைத்திருந்தவன். இப்போது கண் பார்வைக்காக நிறுத்திவிட்டேன். துணிமூட்டை சொன்னது சரியான வழி. நான் சொல்ல வருவது வெட்டுவது பற்றி.

அம்மா, காகித அட்டை வைத்து வரைந்தீர்கள் என்று சொன்னீர்கள். அட்டை பத்துத் தடவை சாக் பட்டால் ஓரம் தேய்ந்துவிடும். பதினொன்றாவது சதுரம் சின்னதாகத்தான் வரும். வீட்டில் பழைய எக்ஸ்ரே ஷீட் இருந்தால் அதில் அளவு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் காலர் அளவெல்லாம் அதில்தான் வைத்திருந்தோம். தேயாது, அடியில் இருக்கும் பூவும் தெரியும்.

பிட் பாப்ளினாகவோ காடாவாகவோ இருந்தால் முதல் ஓரத்தைக் கத்திரியால் வெட்டாதீர்கள். ஒரு சின்ன வெட்டு கொடுத்துக் கிழியுங்கள். நூல் போன வழியே போகும், அதைவிட நேர்க்கோடு கிடையாது. ஆனால் இரண்டரை இன்ச் பட்டையைக் கிழித்து எடுக்கக் கூடாது. இரண்டு ஓரமும் இழுபட்டுச் சுருண்டு, பிசிறு நிற்கும். கிழிப்பது ஓரம் பார்க்க மட்டும். பட்டைக்குக் கத்திரி.

நாலு மடிப்புக்கு மேல் ஒரே வெட்டாக வெட்டப் பார்க்காதீர்கள். அடியில் இருக்கும் துணி நழுவுவது உங்களுக்குத் தெரியாது.

#7 பனிக்காட்டுமல்லி | ரொறன்ரோ | செவ்வாய், மாலை 5.20

ஐயா சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் கத்திரியை வைத்துக்கொண்டு கெதியாக வெட்டுவது சரியான பாடு. ரோட்டரி கட்டர் ஒன்று வாங்குங்கள் அக்கா, 45 மில்லிமீட்டர் சக்கரம். பீட்சா வெட்டும் சில்லு மாதிரித்தான் இருக்கும். ஜப்பானில் ஓல்ஃபா 1979இல் கொண்டுவந்தது. உடுப்புத் துணி வெட்டத்தான் வந்தது, ஒட்டுவேலைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு ஒரு கட்டிங் மேட்டும், தடித்த அக்ரிலிக் ஸ்கேலும் வேண்டும். மேட் இல்லாமல் மேசையில் வெட்டினால் மேசையும் போகும், பிளேடும் போகும். ஊசியை மறந்துபோய் அதன் மேல் ஓட்டினால் பிளேடில் ஒரு பல் விழும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் ஒரு நூல் அறாமல் நிற்கும். எனக்கு முதல் நாளே விழுந்தது.

வெட்டி முடித்த ஒவ்வொரு தடவையும் பிளேடை மூடுங்கள். பேரப்பிள்ளை தவழும் வீட்டில் அதைத் திறந்து வைக்கவே கூடாது.

இன்னொன்று. இங்கே ஒரு வயது வரைக்கும் பிள்ளை நித்திரை கொள்ளும்போது மேலே போர்வை போடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்புவார்கள். தரையில் விரித்துப் பிள்ளையை விளையாட விடுவதற்கு என்று நினைத்துத் தையுங்கள்.

#8 ஊசிமுனை | புதன், இரவு 8.30

கட்டர் ஆர்டர் போட்டாயிற்று. வருவதற்குள் கை சும்மா இருக்கவில்லை. கத்திரியாலேயே பட்டை வெட்டி ஒரு தொகுதி தைத்தேன். மெரூனும் சந்தன நிறமும். கால் இன்ச் விட்டுத்தான் தைத்தேன், சத்தியமாக. ஆறரை வர வேண்டியது ஆறேகால்தான் வந்திருக்கிறது. பட்டையை அளந்தேன், மூன்றும் இரண்டரைதான். எங்கே போனது அந்தக் கால் இன்ச்?

#9 கத்திரி65 | புதன், இரவு 9.10

தையலுக்குள் போனது. கணக்காகவே சொல்கிறேன்.

ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். இது ஆசாரிக்கும் டெய்லருக்கும் பொது. கால் இன்ச் என்றால் இரண்டு நூல். உங்கள் பட்டை மூன்று, தையல் இரண்டு. ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துணி. ஆக நான்கு இடம். மொத்தம் இரண்டு நூல் குறைந்திருக்கிறது என்றால் ஒவ்வொரு இடத்திலும் அரை நூல் அதிகமாகப் பிடித்திருக்கிறீர்கள். அரை நூல் என்பது கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு கட்டத்தில் கால் இன்ச் தின்றுவிட்டது பாருங்கள். இந்தக் கட்டத்தை ஆறரை இன்ச் வெள்ளைச் சதுரத்தோடு ஒட்டும்போது ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் கொசுவம் விழும்.

கால் இன்ச்சைச் சரியாகப் பிடித்தாலும் கொஞ்சம் குறையும். தைத்த பிறகு துணி திரும்பி மடிகிறது இல்லையா, அந்த மடிப்பு ஒரு இழை அளவு எடுத்துக்கொள்ளும். அதனால் இரண்டு நூலுக்கு ஒரு இழை குறைவாகவே பிடிக்க வேண்டும். அதாவது ஊசியைக் கோட்டின் மேல் இறக்காமல், கோட்டை ஒட்டி ஓரப் பக்கம் இறக்குங்கள்.

#10 பனிக்காட்டுமல்லி | புதன், இரவு 11.45

ஐயா, இருபது வருடம் தைத்த எனக்கே இப்படி ஒருத்தரும் விளக்கவில்லை.

அக்கா, இதை ஒரே தடவையில் சரிசெய்யலாம். கிராஃப் தாளில் ஒரு துண்டை, ஓரத்தில் இருந்து ஊசி வரை கால் இன்ச் வரும்படி, மெசினின் காலுக்கு அடியில் வைத்து ஊசியைக் கையால் இறக்குங்கள். தாளின் ஓரம் எங்கே நிற்குதோ அந்த இடத்தில் ஒரு பழைய ஏடிஎம் கார்டை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். துணி அந்தக் கார்டின் விளிம்பைத் தடவிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். ஊசியைப் பார்க்கத் தேவையில்லை, கார்டைப் பாருங்கள். பிறகு மூன்று துண்டுப் பட்டை தைத்து நடுப் பட்டையை அளந்து பாருங்கள். சரியாக இரண்டு இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் கார்டை ஒரு மயிரிழை ஊசிப் பக்கம் நகர்த்துங்கள். கூடினால் மறுபக்கம்.

தையலைக் கொஞ்சம் பொடியாக வையுங்கள், இரண்டு மில்லிமீட்டர் அளவில். நீளப் பட்டையைக் குறுக்கே வெட்டும்போது முடிச்சுப் போட்ட இடம் எதுவுமே இருக்காது. தையல் நீளமாக இருந்தால் ஓரத்தில் பிரிந்து வாயைத் திறக்கும்.

#11 ஊசிமுனை | வியாழன், மதியம் 2.15

என் மெஷினில் மில்லிமீட்டர் எல்லாம் கிடையாது, தம்பிடி மாதிரி ஒரு திருகுதான். இன்ச்சுக்குப் பன்னிரண்டு தையல் விழும்படி வைத்தேன். கார்டு ஒட்டியாயிற்று. நடுப் பட்டை இரண்டு இன்ச், தலைமுடி அளவுகூடப் பிசகவில்லை!

ஆனால் வேறு வம்பு. நேற்று ராத்திரி எல்லாப் பிட்டையும் ஊறவைத்து அலசினேன். மெரூன் தண்ணீர் காபி டிகாஷன் மாதிரி ஓடியது. காய்ந்த பிறகு அளந்தால் 80 செ.மீ. என்பது 76 ஆகிவிட்டது. பாதியாக்கினால் பதினைந்து இன்ச்தான், ஓரம் சீர் செய்ய ஒன்றுமில்லை. ஆறு வரிசை வராது போலிருக்கிறதே?

#12 அவசரக்குடுக்கை | வியாழன், மதியம் 2.31

உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போடுங்கள் அக்கா. சாயம் நிற்கும். எங்கள் அம்மா சொல்வார்.

#13 துணிமூட்டை | வியாழன், மாலை 4.00

உப்பு சாயப்பட்டறையில் சாயம் ஏற்றும்போது வேலை செய்யும். திருப்பூர்க்காரன் உனக்குத் தெரியாததா? ஏற்கெனவே சாயம் போட்டு வந்த துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை வீட்டில் உப்பு போட்டு நிறுத்த முடியாது. அது வெளியே வந்தே தீர வேண்டும். மூன்று நான்கு முறை அலசிப் பார்த்து, ஈரமாக இருக்கும்போது அதன் மேல் வெள்ளைக் கந்தலை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கந்தலில் நிறம் ஏறினால் அந்தப் பிட்டைப் போர்வையில் சேர்க்காதீர்கள். வெள்ளைக் காடாவின் பக்கத்தில் மெரூன் என்றால் ஒரே சலவையில் காடா ரோஸ் நிறமாகிவிடும்.

#14 அவசரக்குடுக்கை | வியாழன், மாலை 4.03

என் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிவிட்டீர்கள். அவர் நாற்பது வருடமாகச் செய்கிறார்.

#15 கத்திரி65 | வியாழன், மாலை 6.40

கல் உப்புக்கும் கைத்தறிச் சேலைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இழை தாங்காது. விடு தம்பி.

அம்மா, சுருங்கியதற்கு வழி சுலபம். பட்டையை எந்தப் பக்கம் வெட்டுகிறீர்கள்? பிட்டின் நீளப் பக்கம், அதாவது கரைக்கு இணையாக என்று நினைக்கிறேன். திருப்பிப் போடுங்கள். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வெட்டுங்கள். டூ பை டூ பிட் என்றால் 36 இன்ச் பன்னா, அதாவது அகலம். கரையைக் கழித்தாலும், கொஞ்சம் சுருங்கினாலும், பாதி பதினாறுக்குக் குறையாது. ஆறு வரிசைக்குப் பதினைந்து போதும். ஒரு ஜோடிக்கு அடர் நிறத்தில் 5 பட்டை, வெளிரில் 4. பாதிப் பிட்டிலேயே தாராளமாகக் கிடைக்கும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். குறுக்கு இழைப் பக்கம் துணி கொஞ்சம் இழுபடும். மெஷினில் கொடுக்கும்போது பின்னாலிருந்து இழுக்காதீர்கள், அதுவாகப் போகட்டும்.

#16 பனிக்காட்டுமல்லி | வியாழன், இரவு 10.50

இங்கே கடையில் சுருட்டி விற்கிற இரண்டரை இன்ச் பட்டைகளும் கரைக்குக் கரை வெட்டியவைதான் அக்கா. பயப்படாதீர்கள்.

தைக்கும்போது நேரம் எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நூலை அறுத்து, துணியை எடுத்து, காலைத் தூக்கி, அடுத்த துண்டை வைப்பதில்தான். அறுக்கவே அறுக்காதீர்கள். ஒரு ஜோடி வரிசை முடிந்ததும் இரண்டு தையல் வெறுமனே ஓட விட்டு, அடுத்த ஜோடியைக் காலுக்கு அடியில் தள்ளுங்கள். மெசினுக்குப் பின்னால் தோரணம் மாதிரித் தொங்கிக்கொண்டு போகும். இருபத்துநாலும் முடிந்த பிறகு ஒரே இருப்பில் நடுவே அறுத்துவிடலாம். நூலும் மிச்சம். தொடங்கும்போது ஒரு கந்தல் துண்டில் தொடங்கி, முடிக்கும்போதும் ஒரு கந்தலில் முடியுங்கள். முதல் துண்டின் மூலையை மெசின் பல் உள்ளே இழுத்து மெல்லாது.

அயன் பண்ணுவதும் அப்படித்தான். ஒவ்வொன்றாக எழும்பிப் போகாமல் சேர்த்து வைத்து ஒரேயடியாகப் பண்ணுங்கள். தேய்க்காதீர்கள், அழுத்துங்கள். பெட்டியை வைத்து, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்த்தால் பட்டை வில் மாதிரி வளையும். தையலின் மடிப்பை எல்லாத் தொகுதியிலும் அடர் நிறப் பக்கம் சாயுங்கள். அப்படிச் சாய்த்தால் அ-வெ-அ வரிசையில் மடிப்பு வெளியே பார்க்கும், வெ-அ-வெ வரிசையில் உள்ளே பார்க்கும். இரண்டையும் முகத்துக்கு முகம் வைக்கும்போது ஒரு மடிப்பு மற்ற மடிப்போடு போய்ப் பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும், மேடு இல்லாமல் சமமாக இருக்கும். ஊசி குத்தக்கூடத் தேவையில்லை, நான்கு மூலையும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும்.

#17 மஞ்சள்நூல் | பெங்களூர் | வெள்ளி, காலை 10.20

எல்லாரும் கட்டத்தைச் சீக்கிரம் தைப்பது எப்படி என்று பேசுகிறீர்கள். கட்டமே இல்லாமல் தைக்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி இனத்தார் இருக்கிறார்கள். போர்த்துகீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, மூலையில் ஆரம்பிப்பார்கள். ஒரு துண்டை விளிம்பு மடித்து வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே ஓரமாகப் போவார்கள். அடுத்த துண்டு அதன் மேல் ஏறும். வெளியே இருந்து உள்ளே, சுற்றிச் சுற்றி, நடுவில் வந்து முடியும். ஒட்டுவதும் அடித்துணியோடு சேர்த்துத் தைப்பதும் ஒரே தையல். அளவு கிடையாது, ஸ்கேல் கிடையாது, மிச்சம் விழும் துணியும் கிடையாது. நான்கு மூலையிலும் மடித்த சின்னத் துண்டுகளைப் பூ மாதிரி வைத்து முடிப்பார்கள். பூ இல்லாத போர்வை அவர்களுக்கு முடியாத போர்வை.

நீங்கள் எண்ணும் 72 தையல் அந்த 24 கட்டத்துக்கு மட்டும். அதற்கு அப்புறம் கட்டங்களை ஒன்றோடொன்று இணைப்பது, பஞ்சு, அடித்துணி, மூன்றையும் சேர்த்துக் கொத்துத்தையல், ஓரப்பட்டை என்று இன்னும் பாதி வேலை பாக்கி. அதையும் சேர்த்து எண்ணினால் எது வேகம்?

#18 துணிமூட்டை | வெள்ளி, காலை 11.05

நல்ல கேள்விதான். ஆனால் ஒரு கவந்தியைக் கையால் முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அக்காவிடம் இருப்பது மூன்று வாரம், அதில் ஒன்று போய்விட்டது. கைத்தையலின் அழகைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. அவர் கேட்டது வேறு.

#19 மஞ்சள்நூல் | வெள்ளி, காலை 11.30

சண்டைக்கு வரவில்லை. பிட்டில் மிஞ்சும் கோணல் மாணல் துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள் என்பதற்காகவும் சொன்னேன். உள்ளே கடைப் பஞ்சுக்குப் பதில் துவைத்துத் துவைத்து மெலிந்த நூல் சேலையை இரண்டு மடிப்பாக வைக்கலாம். கோவை வெயிலுக்கு அது போதும்.

#20 ஊசிமுனை | வெள்ளி, மதியம் 1.00

அம்மாவின் சுங்குடிச் சேலை ஒன்று இருக்கிறது. கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. இதற்குத்தான் இருந்தது போலிருக்கிறது. நன்றி தங்கச்சி.

#21 அவசரக்குடுக்கை | சனி, இரவு 7.45

நீங்கள் எல்லாரும் பேசியதில் எனக்கும் ஆசை வந்துவிட்டது. நட்சத்திரக் கட்டம் தைக்கலாம் என்று, இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம் ஒரே தடவையில் எட்டு வரும் என்ற வித்தையைச் செய்தேன். மூன்று இன்ச் சதுரம் வேண்டும். அதனால் மூன்றை இரண்டால் பெருக்கி, ஆறு இன்ச் சதுரம் இரண்டு வெட்டி, முகத்துக்கு முகம் வைத்து, மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் தைத்து, எட்டாக வெட்டினேன். எட்டு வந்தது. ஆனால் இரண்டரை இன்ச்தான் வந்தது, தைத்து முடித்தால் இரண்டு இன்ச். மோசடி!

#22 துணிமூட்டை | சனி, இரவு 8.30

பெயருக்கு ஏற்ற வேலை. தைத்து முடிந்த பிறகு வர வேண்டிய அளவோடு ஒரு இன்ச் கூட்டிவிட்டுத்தான் இரண்டால் பெருக்க வேண்டும். மூன்று, கூட்டு ஒன்று, நான்கு. நான்கு இரண்டு எட்டு. எட்டு இன்ச் சதுரம் வெட்டு. தைத்துப் பிரித்த பிறகு ஒவ்வொன்றையும் மூன்றரைக்குச் சீவிக்கொள்.

#23 கத்திரி65 | ஞாயிறு, காலை 6.05

தம்பிக்குக் காரணமும் தெரிந்தால் மறக்காது. துல்லியமாகக் கூட்ட வேண்டியது ஏழு நூல். நான்கு நூல் இரண்டு பக்கத் தையலுக்கு. மிச்சம் மூன்று நூல் மூலைக்கோட்டுத் தையலுக்கு. மூலைக்கோடு சாய்வாகப் போவதால் இரண்டு நூல் விட்டால் போதாது, கிட்டத்தட்ட மூன்று பிடிக்கும். ஏழு நூலுக்குப் பதில் எட்டாக, ஒரு இன்ச்சாக வைத்தால் சீவுவதற்கு ஒரு நூல் கிடைக்கும். சீவும்போது ஸ்கேலின் சாய்கோட்டைத் தையல் மேல் வைத்து இரண்டிரண்டு பக்கமாகச் சீவு.

சீவாமல் அப்படியே சேர்க்காதே. அதில்தான் நட்சத்திரத்தின் முனை மழுங்கும்.

#24 பனிக்காட்டுமல்லி | ஞாயிறு, மாலை 4.30

நான்கு பக்கமும் சுற்றித் தைத்து, எக்ஸ் மாதிரி வெட்டி நாலு எடுக்கிற முறையும் இருக்கிறது. பார்க்க இன்னும் கெதியான வேலை. ஆனால் வெட்டின ஓரம் முழுக்கக் கிராஸ் ஆக, அதாவது இழைக்குச் சாய்வாக வரும், தொட்டாலே இழுபடும். எனக்குப் பிடிக்காது. அதுதான் செய்ய வேண்டும் என்றால் துணிக்கு முதலில் கஞ்சி போடுங்கள்.

#25 கத்திரி65 | ஞாயிறு, மாலை 6.00

கஞ்சி என்றால் வடித்த கஞ்சியே போதும், தண்ணீராகக் கரைத்து. காய்ந்த துணி காகிதம் மாதிரி வெட்டுப்படும். ஆனால் தைத்து முடித்ததும் அலசிவிடுங்கள். கஞ்சித் துணியைப் பீரோவில் வைத்தால் பூச்சி தேடி வரும்.

#26 ஊசிமுனை | அடுத்த வெள்ளி, இரவு 10.10

வந்துவிட்டேன். கட்டம் முடிந்தது!

கணக்கு சொல்லிவிடுகிறேன். மெரூனைக் கடைசிவரை அலசியும் கந்தலில் நிறம் ஏறியது, தள்ளி வைத்துவிட்டேன். அதற்குப் பதில் மயில்கழுத்து நீலம். நான்கு ஜோடிக்கும் பட்டை வெட்ட ஒரு மதியம். கட்டர் கையில் பழகிய பிறகு வெட்டுவது ஒரு வேலையாகவே தெரியவில்லை. நீளத் தையல் மறுநாள் காலையில் முடிந்தது. குறுக்குவெட்டு, மடிப்பு அழுத்துவது ஒரு சாயங்காலம். வரிசைகளைச் சேர்ப்பது இரண்டு சாயங்காலம். தோரணம் என்று சொன்னீர்களே, மெஷினிலிருந்து தரைக்கு இறங்கி, கட்டில் கால் வரை போய்விட்டது. வீட்டுக்காரர் காபி கொண்டுவந்தவர் தாண்டிப் போக முடியாமல் நின்றார்.

முதலில் தைத்த அந்த மூன்று பூரியையும் பிரிக்கவில்லை. தலையணை உறைக்கு வைத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு கேள்வி. எண்ணிப் பார்த்தால் கட்டம் 23தான் இருக்கிறது. ஆனால் மயில்கழுத்து நீலத்தில் அ-வெ-அ வரிசை மூன்று மிச்சம் கிடக்கிறது. வெ-அ-வெ ஒன்றுகூட இல்லை. எங்கே தப்பு?

#27 துணிமூட்டை | வெள்ளி, இரவு 10.25

நீலக் கட்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் மேலும் கீழும் வெ-அ-வெ, நடுவில் அ-வெ-அ என்று மாறிப் போயிருக்கும். மூலையில் நீலத்துக்குப் பதில் வெளிர் நிறம் இருக்கும்.

#28 ஊசிமுனை | வெள்ளி, இரவு 10.40

இருக்கிறது! சீரியல் பார்த்துக்கொண்டே தைத்த அன்று செய்திருக்கிறேன். பிரிக்கவா? பொடித் தையல் வேறு, பிரித்தால் துணி நைந்துவிடும்.

#29 கத்திரி65 | சனி, காலை 5.50

பிரிக்காதீர்கள். மிச்சம் இருக்கும் மூன்று வரிசையையும் அப்படியே சேர்த்துத் தைத்துவிடுங்கள், மூன்று கோடு போட்ட கட்டமாக வரும். அளவு ஆறரைதானே, இருபத்துநாலும் கணக்குக்கு வந்துவிடும். ஒன்று மட்டும் பாருங்கள். அதில் மடிப்பு எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும், பூட்டிக்கொள்ளாது. நடு வரிசையைத் தலைகீழாகத் திருப்பினாலும் பயனில்லை, இரண்டு பக்கமும் அதேதான். மடிப்பின் மேல் மடிப்பு ஏறி மேடாக இருக்கும், அதனால் அந்த இரண்டு தையலுக்கு மட்டும் ஊசி குத்திவிட்டு மெதுவாக ஓட்டுங்கள்.

#30 ஊசிமுனை | சனி, காலை 9.15

தைத்துவிட்டேன். மகளிடம் வீடியோவில் காட்டினேன். இருபத்துநாலில் அவளுக்குப் பிடித்தது அந்தக் கோடு போட்டதுதானாம். நடுவில் வைக்கச் சொல்கிறாள். கட்டங்கள் ஆறுக்கு எட்டு, நடு என்று ஒன்று இல்லையே என்றால் கேட்கவில்லை.

சுங்குடியை இன்று ஊறவைக்கிறேன். அதுவும் சாயம் போகுமா என்று ஈரத்தில் கந்தல் வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.